கோல் என்றால் திற

அந்தக் கண்ணாடிப் பட்டறைக்கு நான் போன முதல் நாள், மாஸ்டர் என்னைப் பார்த்து "கோல்! கோல்!" என்று கத்தினார். அவர் இரண்டு கையிலும் பைப். பைப் நுனியில் வெல்லப்பாகு மாதிரி ஆரஞ்சு நிறத்தில் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றது நான் ஒருத்திதான். சுவரில் சாய்த்து வைத்திருந்த இரும்புக் கோல் ஒன்றைப் பாய்ந்து எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் கோலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அதற்குள் உதவிப் பையன் எங்கிருந்தோ ஓடி வந்து உலைக் கதவை இழுத்துத் திறந்துவிட்டான். இந்தியில் 'கோல்' என்றால் 'திற' என்று அர்த்தமாம். பெங்களூருக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கன்னடம் வீட்டுப் பேச்சு மாதிரி வருகிறது, தெலுங்கு புரிகிறது. இந்தி மட்டும் இன்னும் கோலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நிலைமையில்தான் இருக்கிறது.

என் தொழில் மின்சாரப் பேனல் போர்டும், காற்றழுத்தத்தால் மெஷினை ஓட்டும் நியூமேட்டிக்ஸும். பீன்யா தொழிற்பேட்டை இரண்டாவது ஸ்டேஜில் ஒரு ஷட்டர் கடை அளவுக்குப் பட்டறை. பேக்கிங் மெஷினுக்கு வயரிங், சின்னச் சின்ன ஏர் சிலிண்டர் வேலை, யாரோ பாதியில் விட்டுப்போன கன்வேயரைச் சரிசெய்வது, இப்படி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் தெரிந்தவர் மூலம் ஒரு போன். கோயம்புத்தூர் அக்கா ஒருவர், மண்பாண்டம் செய்துகொண்டிருந்து கண்ணாடிக்கு மாறியவர். "ஏன் கண்ணு, ஃபர்னஸ் கதவு தானாத் திறந்து மூடற மாதிரி செஞ்சு குடுக்க முடியுமா?" என்றார். கதவுதானே, இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆயிற்று.

அக்காவின் பட்டறை கனகபுரா ரோட்டில் நகரம் முடிகிற பக்கம், தகர ஷெட். பீன்யாவில் மெட்ரோ ஏறினால் பச்சை லைனின் கடைசி நிறுத்தமான சில்க் இன்ஸ்டிட்யூட் வரை உட்கார்ந்தே போகலாம், அங்கிருந்து ஆட்டோ. அந்த நான்கு மாதத்தில் இந்தக் கதவைப் பற்றி நான் யோசித்ததில் பாதி அந்த ரயிலில்தான்.

கண்ணாடி ஊதுவதைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூன்று சூடு உண்டு. ஒன்று, கண்ணாடியை உருக்கி வைத்திருக்கும் உலை. உள்ளே ஒரு பானை, ஏறக்குறைய 1150 டிகிரி, இரவு பகல் அணைப்பதே இல்லை. மாஸ்டர் இதை 'பட்டி' என்கிறார். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டி என்றால் ஆடு அடைப்பது. இரண்டாவது குளோரி ஹோல். ஒரு பீப்பாயைப் படுக்க வைத்து உள்ளே நெருப்புக் கம்பளம் சுற்றியது மாதிரி இருக்கும், எல்பிஜி பர்னர், 1200 டிகிரி. ஊதும்போது கண்ணாடி ஆறிக்கொண்டே இருக்கும், அரை நிமிடம், முக்கால் நிமிடத்துக்கு ஒரு தடவை இதற்குள் நீட்டிச் சூடேற்ற வேண்டும். மூன்றாவது அனீலர். முடிந்த பொருளை 500 டிகிரி அளவில் வைத்து ராத்திரி முழுக்க மெதுவாக ஆற விடும் பெட்டி. அவசரப்பட்டால் காலையில் விரிசல்தான்.

இதில் முக்கியமான விஷயம், பைப்பைச் சுற்றுவதை எந்த நேரத்திலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். ஆக இரண்டு கையும் எப்போதும் வேலையில். அப்புறம் கதவை யார் திறப்பது?

பெரிய தொழிற்சாலையில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே ஒருவருக்குப் பின்னால் ஐந்தாறு பேர். மாஸ்டர் ஃபிரோசாபாத்காரர். அவர் அப்பா காலத்து நிலக்கரி உலையைச் சுற்றி ஆட்கள் வட்டமாக நிற்பார்களாம், வாய்க்குக் கதவே கிடையாதாம். ஒரு ஆள், இரண்டு ஆள் வைத்துச் சின்ன உலையில் கண்ணாடி ஊதலாம் என்பது பிறகு வந்த யோசனை. 1962-இல் அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டன் என்ற மண்பாண்ட ஆசிரியர் இரண்டு பயிற்சி முகாம் நடத்தினார், டொமினிக் லபினோ என்ற கண்ணாடி விஞ்ஞானி உதவினார், தனிப்பட்டறைக் கண்ணாடி அங்கிருந்துதான் பரவியது. உலை சின்னதானது, ஆள் குறைந்தது, கதவு ஒரு தனிப் பிரச்சினையாக வந்து நின்றது.

இந்தப் பட்டறையில் அதற்கு விடை அந்த உதவிப் பையன். தர்மபுரிப் பக்கம், பத்தொன்பது வயது. காலையிலிருந்து சாயங்காலம் வரை கதவைத் திறக்கிறான், மூடுகிறான். நான் ஒரு நாள் நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். ஒரு சாதாரணத் தண்ணீர்க் குவளைக்குப் பதினான்கு தடவை. முழங்கை உயர ஜாடி ஒன்றுக்கு ஐம்பத்தி மூன்று. அவன் வலது கையில் முழங்கைக்குக் கீழே முடியே இல்லை.

அக்கா என்னிடம் கேட்டது உருக்கும் உலையின் கதவை. நானும் அதற்குத்தான் அளவெடுத்தேன். ரயிலில் திரும்பும்போது சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், திட்டமே தலைகீழானது. சூடான பொருள் எவ்வளவு கதிர் வீசும் என்று சொல்லும் ஸ்டெஃபான் போல்ட்ஸ்மான் விதி, டிப்ளமாவில் மனப்பாடம் செய்ததுதான்: கெல்வின் வெப்பநிலையை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கு, 5.67-ஐ வைத்து மேலும் பெருக்கு, எட்டு தசமம் தள்ளு. 1150 டிகிரி என்றால் 1423 கெல்வின். ஒரு சதுர மீட்டர் திறப்பிலிருந்து ஏறக்குறைய 232 கிலோவாட் கதிராகவே வெளியே வரும். அந்த உலையின் வாய் 20 சென்டிமீட்டருக்கு 20. அதாவது 9.3 கிலோவாட். கதவைத் திறந்தால் ஒன்பது இஸ்திரிப் பெட்டியை முகத்துக்கு நேராகப் பிடித்த மாதிரி. ஆனால் கண்ணாடி எடுக்க ஒரு தடவைக்கு இருபது நொடிதான் திறக்கிறார்கள். ஒரு நாளைக்கு அறுபது தடவை எடுத்தாலும் மொத்தம் இருபது நிமிடம், மூன்று யூனிட் மின்சாரம். இதற்கா நான் சிலிண்டர், வால்வு, பேனல் எல்லாம் போடப் போகிறேன்?

குளோரி ஹோல் வேறு கதை. வாயின் குறுக்களவு 40 சென்டிமீட்டர், சூடும் 50 டிகிரி அதிகம். முழுக்கத் திறந்திருந்தால் 33 கிலோவாட். ஒரு கிலோ எல்பிஜியில் இருக்கிற மொத்தச் சூடே பன்னிரண்டரை, பதின்மூன்று கிலோவாட்-மணிதான். கதவு ஒரு மணி நேரம் திறந்து கிடந்தால் அந்த ஓட்டை வழியாக மட்டும் இரண்டரை கிலோவுக்கு மேல் கேஸ் போகிறது, புகையோடு போவது தனி. திறந்துதான் கிடந்தது. ஐம்பத்தி மூன்று தடவை இழுத்து மூட எந்தப் பையனுக்கும் கை ஓயும். பாதி நேரம் அப்படியே விட்டுவிடுவான், யார் குறை சொல்ல முடியும்?

பணத்தை விடுங்கள், கண் ஒன்று இருக்கிறது. உலையின் அகச்சிவப்புக் கதிரைப் பல வருடம் பார்த்தால் கண்புரை வரும். அந்த நோய்க்கு 'கண்ணாடி ஊதுபவர் கண்புரை' என்றே பெயர். மாஸ்டர் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுவார், பையன் போடுவதில்லை. அவனுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கச் சொல்லி அக்காவிடம் முதல் வேலையாகச் சொன்னேன். கதவு எப்போது முடியுமோ, கண் காத்திருக்காது.

அக்காவிடம் கணக்கைக் காட்டினேன். "அப்ப ஃபர்னஸ் கதவு?" என்றார். அதற்குக் கரண்டே வேண்டாம் என்றேன். கதவின் எடை 14 கிலோ. உள்முகம் காஸ்டபிள், அதாவது சிமெண்ட் மாதிரி வார்க்கும் சூடு தாங்கும் கலவை, பின்னால் செராமிக் ஃபைபர் என்ற சூடு தாங்கும் பஞ்சு. முழுக்க ஃபைபரில் செய்தால் இலேசாக இருக்கும்தான், ஆனால் உருகும் கண்ணாடியிலிருந்து எழும் கார ஆவி ஃபைபரை அரித்துவிடும். கலாசிபாளையத்துப் பழைய சாமான் குஜரியில் பழைய ஜிம் தட்டுகள் வாங்கி, கப்பி வழியாகக் கம்பிக் கயிறு கட்டி, பன்னிரண்டரை கிலோ எதிர்எடை தொங்கவிட்டோம். மீதி ஒன்றரை கிலோ கதவைத் தானாக மெல்லக் கீழே இறக்கும். தரையில் ஒரு மிதி, மிதித்தால் கதவு ஏறும், விட்டால் இறங்கும். ஒரு கயிறு அறுந்தாலும் தாங்கட்டும் என்று இரண்டு கயிறு. அவ்வளவுதான். மிதிதோல் என்று பழந்தமிழில் ஒரு சொல் உண்டு, கொல்லன் காலால் மிதித்து உலைக்குக் காற்றூட்டும் துருத்தி. கை இரண்டும் வேலையில் இருப்பவன் காலைத்தான் நம்ப வேண்டும் என்பது இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் தெரிந்த விஷயம். எனக்குத்தான் அது குளோரி ஹோலில் மறந்துபோனது.

குளோரி ஹோல் கதவுக்கு இரண்டு சிறகு. நடுவில் பிரிந்து இடமும் வலமுமாக மேல் ரெயிலில் ஓட வேண்டும். வெல்டிங் செய்தவர் ஸ்ரீராமபுரத்து அண்ணன், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே வந்தவர். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, லிஃப்டு கதவா?" என்றார். ஏறக்குறைய அதேதான். ஒரே சிலிண்டரை வைத்து இரண்டு சிறகையும் ஓட்ட, ஜன்னல் திரைக்குக் கட்டுவது மாதிரி ஒரு கயிற்று வளையம் போட்டோம். இரண்டு கப்பி, நடுவில் வளையமாகக் கம்பிக் கயிறு. ஒரு சிறகு மேல் ஓட்டத்தில், மற்றது கீழ் ஓட்டத்தில். ஒன்றைத் தள்ளினால் மற்றது தானாக எதிர்ப்பக்கம் போகும். சிலிண்டரை நெருப்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிச் சுவரில் வைக்க முடிந்தது. சாதாரணச் சிலிண்டரின் ரப்பர் சீல் எண்பது டிகிரிக்கு மேல் தாங்காது, வைட்டான் சீல் போட்டால் நூற்றைம்பது வரை போகும். தூரத்தில் வைத்தால் எந்தச் சீலும் தாங்கும்.

சிறகுகளுக்கு 1425 டிகிரி தரச் செராமிக் ஃபைபரை மடித்து அடுக்கி, எஸ்.எஸ். 310 என்ற துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் கோத்தோம். எஸ்.எஸ். 304 மலிவு, ஆனால் நெருப்பு முகத்தில் செதில் செதிலாக உதிரும். ஃபைபர் வெட்டும்போது மாஸ்க் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடவில்லை. அந்தத் தூசி நுரையீரலில் இறங்கினால் நல்லதில்லை. பல மாதம் வெந்த பழைய ஃபைபர் இன்னும் மோசம், அதில் ஒரு பகுதி சிலிக்காப் படிகமாக மாறியிருக்கும். வெல்டர் அண்ணன், "நான் பாக்காத தூசா?" என்று கையை ஆட்டினார். மாஸ்க் போடாவிட்டால் டீ கிடையாது என்று அக்கா சொன்ன பிறகு போட்டார்.

குளிர்ந்த நிலையில் கதவு வெண்ணெய் மாதிரி ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். பர்னரைப் பற்ற வைத்து நாற்பது நிமிடத்தில் நின்றுவிட்டது. சட்டத்தின் அகலம் 45 சென்டிமீட்டர், அது 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் நீளும். நான் விட்டிருந்த இடைவெளி இரண்டு மில்லி. பாடப் புத்தகத்தில் ரயில் தண்டவாளத்துக்கு நடுவே ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வருமே, அதற்கு நான் முழு மதிப்பெண் வாங்கினவள்.

சட்டத்தை அறுத்து இடைவெளியைப் பெரிதாக்கினோம். அடுத்த வாரம் பேரிங் சிக்கியது. உள்ளே இருந்த கிரீஸ் கருகித் தார் மாதிரி இறுகிவிட்டது. பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக் கிரீஸை முழுக்க எடுத்துவிட்டு, கிராஃபைட் பொடி தூவினோம். செங்கல் சூளை வண்டிச் சக்கரத்தில் இப்படித்தான் செய்வார்கள் என்று வெல்டர் அண்ணன் சொன்னார். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீ கேக்கலியேம்மா" என்றார்.

பிறகு பியூ டியூப். நியூமேட்டிக்ஸில் எல்லோரும் போடுகிற நீல நிற பிளாஸ்டிக் குழாய். ரெயிலுக்குப் பக்கமாக ஒரு முழம் போயிருந்தது, நான் கவனிக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாம்பு சீறுகிற மாதிரி சத்தம். குழாய் இளகி ஓட்டை விழுந்து, ஐந்து பார் அழுத்தக் காற்றும் வெளியே. ஷெட்டுக்குள் காப்பர் டியூப் போட்டு, சிலிண்டர் பக்கத்தில் மட்டும் பிளாஸ்டிக் விட்டோம். நடுவில் பளபளப்பான அலுமினியத் தகடு ஒன்றைத் தடுப்பாக நிறுத்தினோம். ஒரு மில்லித் தகடும் அதன் பின்னால் கொஞ்சம் காற்றும் செய்கிற வேலை நம்ப முடியாது. முன்னால் கை வைக்க முடியாது, பின்னால் டிபன் டப்பா வைக்கலாம்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கதவு நிதானமாக ஓட, சிலிண்டரிலிருந்து வெளியேறும் காற்றைத்தான் நெருக்குவோம். எதிர்ப்பக்கக் காற்று மெத்தை மாதிரி பிடித்துக்கொள்ளும். காலையில் கம்ப்ரஸர் போட்ட உடனே அந்த எதிர்ப்பக்கம் காலி. மெத்தையே இல்லை. முதல் தடவை மட்டும் கதவு தறிகெட்டுப் பாயும். இரண்டாவது தடவையிலிருந்து சாது. மூன்று நாள் காலையில் 'டமால்' சத்தம் கேட்டு, நான் வந்து பார்க்கும்போது எதுவும் இல்லை. பேய் கதவு என்றே பையன் பேர் வைத்துவிட்டான். லைனில் மெதுவாகக் காற்றை நிரப்பும் சாஃப்ட் ஸ்டார்ட் வால்வு ஒன்று போட்டதும் பேய் ஓடிவிட்டது.

இவ்வளவும் உலோகமும் காற்றும் சம்பந்தப்பட்டது. சரிசெய்யத் தெரியும். அடுத்தது என் அறிவுக்கு விழுந்த அடி.

கதவு எப்போது திறக்க வேண்டும் என்பதற்கு நான் சென்சார் வைத்திருந்தேன். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் நல்லதாகப் பார்த்து வாங்கியது. இடுப்பு உயரத்தில் ஒளிக்கற்றை, ஆள் வந்தால் திற, விலகி இரண்டு நொடி ஆனால் மூடு. மால் கதவு மாதிரி. முதலில் உலையின் வெளிச்சமே அதைக் குருடாக்கியது. சின்ன இரும்புக் குழாய்க்குள் வைத்து மறைத்ததும் சரியாக வேலை செய்தது. ஒரு வாரம் பிரச்சினை இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, வீடியோ எடுத்து என் தம்பிக்கு அனுப்பினேன்.

எட்டாவது நாள் மாஸ்டர் பெரிய ஜாடி செய்துகொண்டிருந்தார். நீலமும் வெள்ளையும் இழை இழையாகச் சுற்றி ஏறும் ஜாடி, மூன்று மணி நேர வேலை, வாய் விரிக்கிற கடைசிக் கட்டம். கண்ணாடி உள்ளே, பைப் முட்டுக் கவையில், கை சுற்றிக்கொண்டே இருக்கிறது. விளிம்பு எப்படி வருகிறது என்று பார்க்கத் தலையைச் சாய்த்து அரை அடி பின்னால் போனார். சென்சாருக்கு அவர் போய்விட்டார். இரண்டு நொடி. சிறகுகள் கிளம்பின.

32 மில்லி சிலிண்டர், ஐந்து பார். கணக்குப் போட்டால் நாற்பது கிலோ தள்ளு. பைப்பை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்தது. சுற்று நின்றது. நான் ஓடி எமர்ஜென்சி பட்டனை அடிப்பதற்குள் ஜாடியின் கழுத்து வளைந்து, ஃபைபரில் போய் ஒட்டிக்கொண்டது. கதவு திறந்தபோது அந்த நீல விளிம்பு முழுக்க வெள்ளைப் பஞ்சு, சாமியார் தாடி மாதிரி. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. பைப்பைத் தூக்கிக்கொண்டு வாளி வரை நடந்து, ஒரு தட்டுத் தட்டினார். தண்ணீருக்குள் அது வெடிக்கிற சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. பிறகு வெளியே போய்ப் பீடி பற்ற வைத்தார்.

அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போய்ச் சாப்பிடு கண்ணு" என்றார்.

நான் கல்லில் உட்கார்ந்திருந்தபோது பையன் டீயோடு வந்தான். "அக்கா, அவர் பின்னால போனா முடிஞ்சதுன்னு இல்லக்கா. சும்மா பாக்கறார். எடுக்கப்போறப்ப வலது முட்டி லேசா மடங்கும். அப்பத்தான் நான் கதவுல கை வைப்பேன்."

இதை நீ முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று நான் அவனிடம் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

அடுத்த இரண்டு நாள் நான் கதவைத் தொடவில்லை, மாஸ்டரின் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் சொன்னது அப்படியே உண்மை. அதோடு, உள்ளே நீட்டப்போகும்போது ஒரு மூச்சை உள்ளிழுத்து நிறுத்துகிறார். வாய் விரிக்கும்போது கதவு பாதிதான் திறந்திருக்க வேண்டும், அடிப்பக்கம் சூடேற்றும்போது முழுக்க. இதற்கெல்லாம் கேமரா வைத்து, கம்ப்யூட்டர் வைத்து முட்டியைப் படிக்கச் சொல்லலாம் என்று என் தம்பி போனில் யோசனை சொன்னான். அவன் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஒயிட்ஃபீல்டில் வேலை செய்கிறான், அப்படித்தான் சொல்வான். அவர் கதவு வேண்டும் என்று நினைப்பது அவருக்குத் தெரியுமே, அதை ஒரு மெஷின் வெளியே நின்று ஏன் ஊகிக்க வேண்டும்? கேட்டுவிட்டுப் போகலாம்.

சென்சாரைக் கழற்றினேன். மிதி போடுவது என்று முடிவு. எங்கே போடுவது என்பதற்கு அக்கா வீட்டிலிருந்து கோலமாவு வாங்கி, குளோரி ஹோல் முன்னால் தரை முழுக்கத் தூவினேன். "இதென்ன, பூஜையா?" என்று மாஸ்டர் கேட்டதாகப் பையன் மொழிபெயர்த்தான். சாயங்காலம் பார்த்தால் தரையில் ஒரு படம் இருந்தது. இடது கால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குள் விழுகிறது. வலது கால்தான் அலைகிறது. அந்த இடது கால் தடத்தில் மிதியை வைத்தால் நிற்கும்போதெல்லாம் அழுந்தும். அதனால் வலது பெருவிரலுக்கு ஒரு சாண் முன்னால், காலை நீட்டினால் மட்டும் எட்டுகிற இடத்தில், ஒரு அடி நீள இரும்புப் பட்டையாகப் போட்டோம். கீழே பார்க்காமல் தேட முடிகிற நீளம்.

அழுத்திப் பிடித்தபடி நிற்க வேண்டும் என்றால் ஒற்றைக் காலில் நிற்க வேண்டியிருக்கும், பைப்பில் நாலு கிலோ கண்ணாடியோடு அது ஆபத்து. ஆகவே ஒரு தட்டு தட்டினால் பாதி, இன்னொரு தட்டுக்கு முழுக்க, அழுத்தி ஒரு நொடி பிடித்தால் மூடும். மெஷினை ஓட்டும் பிஎல்சி கம்ப்யூட்டர் எல்லாம் இல்லை, நான்கு ரிலே சுவிட்ச், ஒரு டைமர். கெட்டால் பையனே மாற்றுவான்.

பைப் மாட்டிக்கொள்வதற்கு விடை அதைவிட எளிது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டு சிறகும் சேருகிற விளிம்பில் ஆளுக்கு ஒரு அரைவட்டம் வெட்டினோம். மூடினால் நடுவில் ஒரு வட்ட ஓட்டை, பைப் தாராளமாகச் சுற்றுகிற அளவு. கதவு தப்பாக மூடினாலும் பைப்பைத் தொடாது. அதோடு சிலிண்டரை 25 மில்லிக்கு மாற்றிக் காற்றை இரண்டு பாருக்குக் குறைத்தேன், தள்ளு பத்துக் கிலோதான். என் கையை நடுவில் கொடுத்துச் சோதித்துப் பார்த்தேன், கதவு தயங்கி நின்றது. அதற்குப் பிறகுதான் மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அக்கா கேட்டார், நியாயமான கேள்வி. கரண்ட் போனால் புளோயர் நிற்கும், காற்றழுத்த சுவிட்ச் கேஸ் வால்வை மூடிவிடும், நெருப்பு அணையும். அது முதலிலிருந்தே இருந்த ஏற்பாடு, நான் அதில் கை வைக்கவில்லை. கதவு? இருந்த இடத்திலேயே நிற்கட்டும் என்று இரட்டைக் காயில் வால்வு போட்டேன். தானாக மூடினாலும் தப்பு, தானாகத் திறந்தாலும் தப்பு. சிலிண்டரும் கயிறும் சேரும் இடத்தில் ஒரு பின், அதை உருவினால் கதவு வெறும் கதவாகிவிடும், பழைய மாதிரி கையால் தள்ளலாம். ஏப்ரல் மழையில் ஒரு சாயங்காலம் இரண்டு தடவை உருவ வேண்டி வந்தது.

பையனுக்கு வேலை போய்விடுமோ என்று எனக்கு உள்ளூர ஒரு உறுத்தல் இருந்தது. அவனிடமே கேட்டேன். "கதவு திறக்கறது ஒரு வேலையாக்கா?" என்று சிரித்தான். இப்போது பெஞ்சில் மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வடிவம் பிடிக்கும்போது பைப்பின் மறுமுனையில் ஊதுகிறான். சம்பளம் கூடியதா என்று கேட்டால் அக்காவைப் பார்த்துச் சிரிக்கிறான். அதை நான் விசாரிக்கவில்லை.

போன வாரம் அனீலர் கதவுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். மாஸ்டர் பைப்போடு எழுந்து நடந்தார். வலது காலை நீட்டித் தட்டினார், தட்டும்போதே வழக்கம்போல "கோல்!" என்று கத்தினார். கதவு திறந்தது. பெஞ்சிலிருந்த பையன் பாதி எழுந்து, நினைவு வந்து, மறுபடி உட்கார்ந்தான். நானும் சுவரோரம் சாய்த்திருந்த அந்த இரும்புக் கோலை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.